அடினோவைரஸ்: மெட்ராஸ் ஐ முதல் தோல் முட்டை வரை

கோவிஷீல்டு ஊசி போட்டுக்கொண்டவர்களின் உடலுக்குள் ஒவ்வொரு தவணையிலும் சுமார் 5,000 கோடி வைரஸ் துகள்கள் செலுத்தப்பட்டன. அவை கொரோனா வைரஸ் துகள்கள் அல்ல. சிம்பன்ஸிகளைத் தொற்றும் ஓர் அடினோவைரஸை எடுத்து, அது பெருகத் தேவையான மரபணுவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் கொரோனாவின் முள் புரதத்துக்கான மரபணுவைப் பொருத்தியிருந்தார்கள். அதே குடும்பத்தின் வேறு உறுப்பினர்கள்தான் பள்ளிக்கூடங்களில் கண்வலியைப் பரப்புகிறார்கள், குழந்தைகளுக்கு ஒரு வாரக் காய்ச்சலைத் தருகிறார்கள், நாய்க்குட்டியின் கல்லீரலைக் கெடுக்கிறார்கள், கோழிப் பண்ணையில் ஓடில்லாத முட்டைகளை விழவைக்கிறார்கள். இவ்வளவு பரவலான ஒரு வைரஸைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது குறைவு என்பது எனக்கு நெடுநாள் குறை. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்புறத்தில் அடினாய்டு என்ற சதை இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அது வீங்கி மூச்சை அடைக்கும்போது அறுவை சிகிச்சை செய்து எடுப்பார்கள். 1953இல் அமெரிக்காவில் வாலஸ் ரோவும் அவருடைய சகாக்களும், அப்படி எடுக்கப்பட்ட சதையை ஆய்வகத்தில் வளர்த்து, சளிக்குக் காரணமான கிருமிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முதலில் செல்கள் நன்றாக வளர்ந்தன. சில வாரங்களில், வெளியிலிருந்து எந்தக் கிருமியையும் சேர்க்காமலே, அவை உருண்டு திரண்டு செத்துப்போயின. அந்தச் சதைக்குள் ஏற்கெனவே ஒரு வைரஸ் ஒளிந்திருந்திருக்கிறது. அது எந்த நோயும் இல்லாத பிள்ளைகளின் சதை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. அதே காலத்தில் மாரிஸ் ஹில்மன் குழு, மிசௌரி மாநில ராணுவ முகாமில் காய்ச்சலில் விழுந்த புதிய சிப்பாய்களிடமிருந்து இதே வைரஸைப் பிரித்தெடுத்தது. 1956இல் அடினாய்டின் பெயரே வைரஸுக்கும் வைக்கப்பட்டது.

ஒளிந்திருக்கும் இந்தக் குணம் இன்றும் மருத்துவர்களைக் குழப்புகிறது. நோய் ஆறிய பிறகும் சில வகைகள் டான்சிலிலும் குடலிலும் மாதக்கணக்கில் தங்கி, மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு குழந்தையின் பரிசோதனையில் அடினோவைரஸ் தெரிந்தால், இப்போதைய காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட முடியாது. பழைய விருந்தாளியாகவும் இருக்கலாம்.

வைரஸின் அமைப்பைப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடினோவைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். ஒன்றின் விட்டம் சுமார் 90 நானோமீட்டர். இருபது முகங்கள் கொண்ட புரத ஓடு. அதன் பன்னிரண்டு முனைகளிலிருந்தும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இழைகள். இந்த இழையின் நுனிதான் நம் செல்லின் மேற்பரப்பில் தனக்கேற்ற இடத்தைத் தேடிப் பற்றுகிறது. உள்ளே ஏறத்தாழ 36,000 எழுத்துகள் கொண்ட இரட்டை இழை டி.என்.ஏ. இருக்கிறது. மனிதனின் மரபுத்தொகுதி சுமார் 300 கோடி எழுத்துகள் நீளம் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறிய ஆணைப்புத்தகம் என்பது புரியும்.

இந்தப் படத்தில் இல்லாத ஒன்றுதான் முக்கியமானது. கொரோனாவுக்கும் ஃப்ளூ வைரஸுக்கும் வெளியே கொழுப்பாலான ஒரு மேலுறை உண்டு. சாராயம் கலந்த சானிடைசர் அந்தக் கொழுப்பைச் சிதைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது. அடினோவைரஸுக்கு அந்த மேலுறையே கிடையாது. வெறும் புரத ஓடு மட்டும். எனவே கையில் இரண்டு சொட்டு சானிடைசரைத் தேய்த்துவிட்டு நிம்மதி அடைய முடியாது. கதவுப் பிடி, பிளாஸ்டிக் பொம்மை, துண்டு, கண் மருத்துவரின் கருவி ஆகியவற்றில் அது உலர்ந்த நிலையிலும் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். புற ஊதாக் கதிரையும் மற்ற வைரஸ்களைவிட அதிகம் தாங்கும். அதன் டி.என்.ஏ. இரட்டை இழை என்பதால், கதிரால் ஏற்படும் சேதத்தை அது நுழையும் செல்லின் பழுதுபார்க்கும் கருவிகளே சரிசெய்துவிடுகின்றன. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் வைரஸ் கையிலிருந்து அடித்துச்செல்லப்படும். பொருள்களுக்குப் பிளீச்சிங் கரைசல் வேண்டும். இனி வரும் நோய்களில் பெரும்பாலானவை பரவும் விதம் இந்த ஒரு பண்பிலிருந்தே விளங்கும்.

மனிதர்களைத் தொற்றுபவை ஏ முதல் ஜி வரை ஏழு இனங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குள் எண்ணிட்ட வகைகள் ஐம்பதுக்கும் மேல். எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு வகைக்கும் பிடித்த உறுப்பு வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1, 2, 5 போன்றவை சிறு குழந்தைகளின் தொண்டையைத் தேடும். 3, 4, 7 நுரையீரல்வரை இறங்கக்கூடியவை. 8, 37 போன்றவை கண்ணுக்குப் போகும். 40, 41 குடலுக்குப் போய் வயிற்றுப்போக்கைத் தரும். 11 சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவை உண்டாக்கும்.

பெற்றோர்கள் அதிகம் சந்திப்பது தொண்டைக் காய்ச்சலைத்தான். தொற்றிய இரண்டு நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்குகிறது. வெப்பநிலை 39, 40 டிகிரி செல்சியஸ்வரை ஏறும், ஐந்து நாளுக்கு மேலும் நீடிக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் டான்சில் மேல் வெள்ளைப் படலம் தெரியும். அது பாக்டீரியாவால் வரும் தொண்டைப்புண் போலவே இருப்பதால் ஆன்டிபயாடிக் கொடுக்கப்படுகிறது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸைத் தொடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் குறையவில்லை என்று மருந்தை மாற்றுவார்கள், மறுபடியும் மாற்றுவார்கள். இந்த வீண் சுற்று என்னை மிகவும் வருத்துகிறது. நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டு, காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருப்பதே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். மூச்சு வேகமாக வாங்குவது, நெஞ்சு உள்வாங்குவது, பால் குடிக்க மறுப்பது, குழந்தை துவண்டு கிடப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2023இன் தொடக்க மாதங்களில் கொல்கத்தாவின் குழந்தைகள் வார்டுகள் நிரம்பி வழிந்து, உயிரிழப்புகளும் நேர்ந்தது இந்த வைரஸால்தான். அங்கே பரவியது 3, 7 ஆகிய இரு வகைகளின் மரபுப்பொருள் கலந்த ஒன்று என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

கண்ணுக்கு வருவோம், ஏனென்றால் இது நம் ஊரின் பெயரைச் சுமந்திருக்கிறது. சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் 1918இல் கண்காணிப்பாளராக இருந்த கிர்க்பாட்ரிக், கண் சிவந்து கருவிழியில் புள்ளிகள் விழும் ஒரு கொள்ளைநோயைப் பதிவு செய்தார். மெட்ராஸ் ஐ என்ற பெயர் அந்த நிகழ்வோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இன்று நாம் அந்தப் பெயரால் அழைப்பவை எல்லாமே அடினோவைரஸ் அல்ல. கண்வெள்ளையில் இரத்தத் திட்டுகளோடு திடீரென வந்து ஒரு வாரத்தில் ஓடிப்போகும் வகைக்குப் பெரும்பாலும் என்டரோவைரஸ் என்ற வேறு குடும்பத்து வைரஸ்கள் காரணம்.

அடினோவைரஸ் கண்வலி சற்று நிதானமாக வரும். தொற்றி ஒரு வாரம் கழித்து ஒரு கண்ணில் மணல் விழுந்த உறுத்தல், நீர் வடிதல், காலையில் இமை ஒட்டிக்கொள்ளுதல். சில நாள்களில் மறு கண்ணுக்கும் பரவும். காதுக்கு முன்னால், தாடை தொடங்கும் இடத்தில் விரலால் அழுத்தினால் பட்டாணி அளவில் ஒரு கட்டி வலியோடு தட்டுப்படும்; அது வீங்கிய நிணநீர் முடிச்சு. வீட்டிலேயே கவனிக்கக்கூடிய நல்ல தடயம் இது. 8, 37 போன்ற வகைகள் கருவிழியையும் தாக்கினால், சிவப்பு அடங்கிய பிறகு அதில் சிறு வெண்புள்ளிகள் தோன்றும். எதிரே வரும் வாகனத்தின் விளக்கு சிதறித் தெரியும், பார்வை மங்கும். அந்தப் புள்ளிகள் வைரஸால் நேரடியாக வருபவை அல்ல. வைரஸின் எச்சத்தை நோக்கி நம் எதிர்ப்புச் சக்தி நடத்தும் போரின் தடங்கள். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

கண்வலிக்காரரைப் பார்த்தாலே தொற்றிவிடும் என்ற நம்பிக்கை பொய். கண்ணீர் பட்ட கை, கை பட்ட துண்டு, துண்டு பட்ட அடுத்த கண் என்பதே பாதை. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், கையைக் கண்ணிலிருந்து விலக்கி வைக்கும், அவ்வளவே. 1941இல் ஹவாய்த் தீவின் கப்பல் தளத்தில் தொடங்கி அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக் கப்பல் கட்டும் தளங்களெங்கும் ஒரு கண்வலி பரவியது. தொழிலாளர்கள் கண்ணில் விழுந்த இரும்புத்துகளை எடுக்க மருந்தகத்துக்குப் போனார்கள்; துகள் போனது, தொற்று வந்தது. சரியாகக் கழுவப்படாத கைகளும் கருவிகளும்தான் காரணம். அந்த நோயிலிருந்து 8ஆம் வகை வைரஸைப் பிரித்தெடுக்க 1955வரை ஆனது. இன்றும் கண் மருத்துவமனைகள் சிவந்த கண்ணோடு வருபவர்களைத் தனியே உட்காரவைக்கக் காரணம் இதுதான்.

ஒரு வேண்டுகோளை அழுத்திச் சொல்கிறேன். மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைப் போடாதீர்கள். ஓரிரு நாளில் சிவப்பு மறையும் என்பது உண்மை. ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான் அது சிவப்பை மறைக்கிறது. வைரஸ் கண்ணில் தங்கும் காலம் கூடுகிறது. வந்திருப்பது அடினோவைரஸாக இல்லாமல் ஹெர்பிஸ் என்ற வேறொரு வைரஸாக இருந்தால் கருவிழியே பாழாகும். ஸ்டீராய்டு தேவைப்படும் கண்களும் உண்டு. அதை விளக்கு வைத்துச் சோதித்த கண் மருத்துவர் சொல்ல வேண்டும். கண் சிவப்பும் நீர் வடிதலும் அடங்கும்வரை, ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாள், பள்ளிக்கோ வேலைக்கோ போகாமல் இருப்பது நல்லது. துண்டு, தலையணை உறை, கண்மை எல்லாம் தனித்தனி.

ஆரோக்கியமான உடலுக்கு இந்த வைரஸ் பெரும்பாலும் ஒரு தொல்லை, அவ்வளவே. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்ற குழந்தைக்கு அப்படி அல்ல. டான்சிலில் ஒளிந்திருந்தது விழித்துக்கொண்டு கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம் என்று பரவும். சிடோஃபோவிர் என்ற மருந்தை அங்கே பயன்படுத்துகிறார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து என்பதால் மிகுந்த எச்சரிக்கையோடு.

பொதுமக்களுக்கான தடுப்பூசி இல்லை. ஆனால் அமெரிக்க ராணுவத்துக்கு இருக்கிறது, அது ஊசியும் அல்ல, மாத்திரை. 4, 7 ஆகிய இரு வகைகளுக்கு இரண்டு மாத்திரைகள். உள்ளே இருப்பது வீரியம் குறைக்கப்படாத, உயிருள்ள வைரஸ். குடலில்தான் கரையும்படி பூச்சு கொடுத்திருப்பதால், மெல்லாமல் விழுங்கினால் வைரஸ் தொண்டையைத் தொடாமல் குடலுக்குப் போய்ப் பெருகி, நோய் தராமல் எதிர்ப்புச் சக்தியை மட்டும் தருகிறது. 1971இல் தொடங்கிய இந்தத் திட்டம், உற்பத்தியாளர் 1996இல் தயாரிப்பை நிறுத்தியதால் முடங்கியது. கையிருப்பு 1999இல் தீர்ந்தது. பயிற்சி முகாம்களில் காய்ச்சல் திரும்பியது, இளைஞர்கள் சிலர் இறந்தார்கள். 2011இல் மாத்திரை மீண்டும் வந்ததும் தொற்று ஏறக்குறைய மறைந்தே போனது. நன்றாக வேலை செய்யும் ஒரு தடுப்பு மருந்தை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு கிடைப்பது அரிது.

2022இல் ஸ்காட்லாந்தில் தொடங்கி 35 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி வந்தபோது, 41ஆம் வகை அடினோவைரஸ்மீது சந்தேகம் விழுந்தது. அடுத்த ஆண்டு வெளியான பிரிட்டன், அமெரிக்க ஆய்வுகள், பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் ஏஏவி 2 என்ற வேறொரு சிறு வைரஸ் மிகுதியாக இருந்ததைக் காட்டின. அந்தச் சிறு வைரஸால் தானாகப் பெருக முடியாது, அடினோவைரஸ் போன்ற ஒன்று உடனிருந்து உதவ வேண்டும். குற்றவாளி என்று முதலில் கருதப்பட்டது உடந்தையாக இருந்திருக்கலாம்.

இனி விலங்குகள். நாய்களுக்கு இரண்டு அடினோவைரஸ்கள். இரண்டாவது, கூண்டுகளில் சேர்த்து வளர்க்கப்படும் நாய்களிடம் வறட்டு இருமலை உண்டாக்கும். முதலாவது கொடியது. ஸ்வீடனில் ரூபார்த் 1947இல் விரிவாக விவரித்த தொற்றுக் கல்லீரல் அழற்சி அது. மூக்கு, வாய் வழியே நுழைந்து டான்சிலில் தங்கி, இரத்தத்தில் கலந்து கல்லீரலையும் இரத்தக்குழாய்களின் உட்சுவரையும் தாக்கும். தடுப்பூசி போடாத குட்டிகள் காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலியோடு சில மணி நேரத்தில்கூட இறந்துபோகும். பிழைத்த நாயின் சிறுநீரில் ஆறு மாதத்துக்கு மேலும் வைரஸ் வெளியேறும். மற்றொரு நாய் அந்த இடத்தை முகர்ந்தால் போதும்.

பிழைத்த நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் கருவிழி நீலம் பாய்ந்து மங்கும். இதை நீலக்கண் என்பார்கள். வைரஸும் அதற்கு எதிராக உடல் உருவாக்கிய பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து கண்ணில் படிய, கருவிழி நீர்கோத்துக்கொள்கிறது. மனிதக் கண்ணின் வெண்புள்ளிகளைப் போலவே இங்கும் சேதத்தில் உடலின் சொந்தப் பாதுகாப்புப் படைக்குப் பங்கு இருக்கிறது. முதல் வைரஸை வீரியம் குறைத்துச் செய்த பழைய தடுப்பூசியே சில நாய்களுக்கு நீலக்கண்ணைத் தந்தது. எனவே இப்போது இருமல் வைரஸான இரண்டாவதைத் தடுப்பூசியாகப் பயன்படுத்துகிறார்கள். நெருங்கிய உறவு என்பதால் ஒன்றுக்கான எதிர்ப்புச் சக்தி மற்றதையும் தடுக்கிறது, கண்ணும் கெடுவதில்லை. குட்டியின் தடுப்பூசி அட்டையில் டி.எச்.பி.பி. என்று இருக்கும் எழுத்துகளில் எச் என்பது இந்தக் கல்லீரல் அழற்சிதான்.

கோழிகளில் கதை வேறு அளவில் நடக்கிறது. 1987இல் கராச்சிக்கு அருகே அங்காரா கோத் என்ற இடத்துப் பண்ணைகளில், மூன்று முதல் ஆறு வாரமான, நன்கு சதைபிடித்த கறிக்கோழிகள் முன்னறிவிப்பின்றிச் செத்து விழுந்தன. அறுத்துப் பார்த்தால் இதயத்தைச் சுற்றிய பை நிறைய வெளிறிய மஞ்சள் நீர். அதில் தோல் உரித்த லிச்சிப் பழம்போல இதயம் மிதந்தது. கல்லீரல் வீங்கி வெளுத்திருந்தது. இந்தியாவுக்குள் 1990களில் வந்தபோது வட மாநிலப் பண்ணையாளர்கள் இதை லிச்சி நோய் என்றே அழைத்தார்கள். காரணம் கோழி அடினோவைரஸின் நான்காம் வகை. நோயுற்ற கோழியின் கல்லீரலையே அரைத்து, ஃபார்மலினால் வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசிதான் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் முதலில் கைகொடுத்தது. எச்சத்தின் வழியாகவும், தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இது பரவும். பண்ணைத் தரையில் பரப்பிய ஆழ்கூளத்தில் தங்கும் வைரஸை மேலோட்டமாகக் கூட்டித் தள்ளிவிட்டு அடுத்த தொகுதிக் குஞ்சுகளை விட்டால் அவையும் போகும்.

முட்டைக்கோழிக்கு வருவது வேறொன்று. 1976இல் நெதர்லாந்தில் விவரிக்கப்பட்ட முட்டை வீழ்ச்சி நோய்க்குக் காரணமான வைரஸ் வாத்துகளுக்கும் கூஸ் பறவைகளுக்கும் சொந்தமானது; அவற்றைப் பெரிதாகப் பாதிக்காது. வாத்துக் கருவின் செல்களில் தயாரித்த வேறொரு தடுப்பூசி வழியாகக் கோழிகளுக்கு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கோழி பார்க்க நலமாகவே இருக்கும், தீனியும் எடுக்கும். வைரஸ் பெருகுவது ஓடு உருவாகும் பையில் என்பதால் பழுப்பு முட்டையின் நிறம் முதலில் வெளிறும், பிறகு ஓடு மெலியும், பிறகு ஓடே இல்லாமல் சவ்வு மட்டும் கொண்ட தோல் முட்டைகள் விழும். கூண்டுக்கு அடியில் மிதிபட்டுக் கிடக்கும் சவ்வைக் கவனிக்காதவர், உற்பத்தி குறைந்ததற்குத் தீவனத்தைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார். முட்டையிடத் தொடங்கும் முன்பே, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியோடு சேர்த்து இதற்கும் ஊசி போடும் வழக்கம் நம் பண்ணைகளில் உண்டு.

கன்றுகளுக்கு நுரையீரல் நோய், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தியற்ற அரபுக் குதிரைக் குட்டிகளுக்கு மரணம், 1993இல் கலிஃபோர்னியாவில் ஆயிரக்கணக்கான மான்களின் சாவு என்று பட்டியல் நீளும். பல்லி இனங்களிலும் தவளையிலும் ஸ்டர்ஜன் மீனிலும்கூட அடினோவைரஸ்கள் உண்டு.

நாயிடமிருந்தோ கோழியிடமிருந்தோ நமக்கு வருமா என்பது இயல்பான கேள்வி. ஒவ்வொரு அடினோவைரஸும் தன் விலங்கினத்தோடு நெடுங்காலம் சேர்ந்து பரிணமித்தது. வேறு இனத்தின் செல்லுக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் அதனால் பெருக முடிவதில்லை. நீலக்கண் வந்த நாயைத் தடவுவதாலோ, மெல்லிய ஓட்டு முட்டையை வேகவைத்துச் சாப்பிடுவதாலோ மனிதருக்கு அந்த நோய்கள் வருவதில்லை. ஆனால் விதிவிலக்கு ஒன்று பதிவாகியிருக்கிறது. 2009இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரக் குரங்கு ஆய்வு மையத்தில் டிட்டி என்ற தென் அமெரிக்கச் சிறு குரங்குகள் 65இல் 23 நோயுற்று 19 இறந்தன. அதே நேரத்தில் அவற்றோடு பழகிய ஆய்வாளர் ஒருவர் சுமார் நான்கு வாரம் காய்ச்சல், இருமலால் அவதிப்பட்டார். அந்தப் புதிய வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் அவர் இரத்தத்திலும், குரங்குகளை அணுகாத அவர் குடும்பத்தினர் ஒருவரிடமும் இருந்தது.

இந்த இனப் பற்றைத்தான் தடுப்பூசி செய்தவர்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். மனித அடினோவைரஸை ஏற்கெனவே சந்தித்த உடல், தடுப்பூசியைச் சுமந்து வருவதையே அழித்துவிடக்கூடும். 2007இல் 5ஆம் வகையை வைத்துச் செய்த எச்.ஐ.வி. தடுப்பூசிப் பரிசோதனை பலன் தராமல் நிறுத்தப்பட்டதும் எச்சரிக்கையாக அமைந்தது. சிம்பன்ஸி வைரஸை நம்மில் பெரும்பாலோர் உடல் கண்டதே இல்லை. எதிர்த்திசையில், கனடாவில் ரக்கூன் போன்ற காட்டு விலங்குகளுக்கு வெறிநோய் வராமலிருக்க இரையில் வைத்துத் தூவும் ஒரு தடுப்பு மருந்தில் வெறிநோய்ப் புரதத்தைச் சுமந்து செல்வது மனிதனின் 5ஆம் வகை அடினோவைரஸ்.